வைட்டமின் டி ரிப்போர்ட்டும் 60,000 யூனிட் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் எல்லாவற்றிலும் இப்போது வைட்டமின் டி இடம்பிடித்துவிட்டது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறவர்களுக்கும் அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில், 'குறைவு' என்ற குறியோடு வந்து நிற்கிறது. அதைப் பார்த்துப் பயந்துபோய், மருந்துக் கடையில் 60,000 யூனிட் மாத்திரையைத் தாங்களே கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். இன்னொரு பக்கம், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத அளவுக்குத் தொடைத் தசை பலவீனப்பட்ட பெண்களுக்கு 'வயசாச்சு, வலி இருக்கத்தான் செய்யும்' என்று வலி மாத்திரை மட்டும் கிடைக்கிறது. வேண்டாதவர்களுக்கு அதிகமும் வேண்டியவர்களுக்கு ஒன்றுமில்லாமலும் போவதற்கு முக்கியக் காரணம், அந்த எண்ணை வாசிக்கத் தெரியாததுதான். அதை எப்படி வாசிப்பது, யாருக்கு மாத்திரை வேண்டும், எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஆய்வக உயிர்வேதியியல் துறையில் இருப்பவன் என்ற முறையில் விவரமாக எழுதுகிறேன். கடிதம் நீண்டாலும் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் எண்ணைத் தேடாதீர்கள். முதலில் பரிசோதனையின் பெயரைப் பாருங்கள். '25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' என்று இருக்க வேண்டும். வெயிலிலிருந்தோ உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ கிடைக்கும் வைட்டமின் டி, கல்லீரலில் இந்த வடிவத்துக்கு மாறி ரத்தத்தில் இரண்டு மூன்று வாரம் தங்கியிருக்கும். அதனால் உடம்பின் கையிருப்பு என்ன என்பதை இதுதான் காட்டும். '1,25-டைஹைட்ராக்ஸி' என்று இருந்தால் அது வேறு பரிசோதனை. சிறுநீரகம் கடைசியாகத் தயாரிக்கும், சில மணி நேரமே ரத்தத்தில் நிற்கும் ஹார்மோனை அது அளக்கிறது. கையிருப்பு வற்றிப்போனவர்களுக்கும் இது சரியாகவோ அதிகமாகவோகூட வரும். காரணம், கையிருப்பு குறையும்போது, ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்து, இருக்கிற கொஞ்சத்தையும் சிறுநீரகம் வேகமாக மாற்றும்படி செய்கிறது. சிறுநீரக நோய், சில அரிய எலும்பு நோய்கள், காரணம் தெரியாத கால்சியம் உயர்வு போன்றவற்றுக்குத்தான் இந்தப் பரிசோதனை தேவைப்படும். குறைபாட்டைக் கண்டறிய இதை எடுத்திருந்தால் கொடுத்த பணம் வீண்.

அடுத்தது அலகு. நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தருகின்றன. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு போய்த் தங்கும் பெற்றோர் அங்கே பரிசோதித்தால், ஒரு லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று வரும். நானோகிராம் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் நானோமோல் எண் கிடைக்கும். அங்கே 45 என்று வந்த ரிப்போர்ட் நம் கணக்கில் 18. 'போன வருஷம் 45, இப்போ 18, பாதிக்கும் கீழே இறங்கிடுச்சு' என்று பதறுகிறவர்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் அலகைப் பார்த்தால், எதுவுமே மாறவில்லை என்பது தெரிந்துவிடும். மாத்திரையிலும் இதே குழப்பம் உண்டு. வெளிநாட்டு டப்பாக்களில் மைக்ரோகிராம் என்று போட்டிருப்பார்கள். ஒரு மைக்ரோகிராம் 40 யூனிட்டுக்குச் சமம். அங்கிருந்து வரும் 10 மைக்ரோகிராம் மாத்திரை 400 யூனிட். நம் ஊர் 60,000 யூனிட் மாத்திரை 1,500 மைக்ரோகிராம்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஓர் உதாரணம்: ஆரோக்கியமான 38 வயதுக்காரர், ரிப்போர்ட்டில் 17.8. பக்கத்தில் 'எல்' என்ற எழுத்து. அடியில் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை: 20-க்குக் கீழே குறைபாடு, 20 முதல் 29 வரை போதாமை, 30 முதல் 100 வரை போதுமானது. இந்தக் கோடுகள் பெரும்பாலும் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து வந்தவை. அதே ஆண்டில் வெளியான அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, 20 நானோகிராம் இருந்தால் ஏறத்தாழ எல்லாருடைய எலும்புக்கும் போதும், 12-க்குக் கீழே போனால்தான் குறைபாட்டு ஆபத்து என்று சொன்னது. நம் நாட்டில் இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கமும் குழந்தைகளுக்கு 12-ஐயும் 20-ஐயும்தான் கோடுகளாக வைத்திருக்கிறது. அதாவது, 24 என்று வந்த ஒருவர் ஓர் அட்டவணையில் போதாமைக்காரர், இன்னோர் அட்டவணையில் எந்தக் குறையும் இல்லாதவர். கோட்டை எங்கே போட்டார்கள் என்பதுதான் இருவரையும் பிரிக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இதைத் தவற விடுவதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எல்லா உடம்புக்கும் தேவை ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்கு 12 போதும், இன்னொருவருக்கு 19 வேண்டியிருக்கும். மக்களில் பாதிப் பேருக்குப் போதுமான நடு அளவு சுமார் 16. அதிகத் தேவை உள்ளவரையும் சேர்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் போதுமான அளவுதான் 20. ஆகவே 20 என்பது எல்லாரையும் அடக்குவதற்காகத் தாராளமாக உயர்த்தி வைத்த மேல்கோடு. அதைத் தொடாதவர் எல்லாரும் நோயாளி என்று முத்திரை குத்தினால், தேவை நிறைவேறியிருக்கிற பாதிப் பேரையும் நோயாளிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். நம் 17.8 அந்த இடத்தில்தான் நிற்கிறது. குறைவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. 2011-இல் 30 என்று கோடு போட்ட அதே சங்கம், 2024-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் அந்தக் கோட்டைக் கைவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை எடுக்க வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் ரிப்போர்ட்டுகளிலோ பழைய அட்டவணைதான் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அளவீட்டின் நம்பகத்தன்மையையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்கள் எதிர்ப்புரதத்தை வைத்து ஒளியை அளக்கும் இயந்திரங்களைப் பயன்படுத்துகின்றன. ரிப்போர்ட்டில் 'சி.எல்.ஐ.ஏ.' அல்லது 'ஈ.சி.எல்.ஐ.ஏ.' என்று இருக்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை இன்னும் துல்லியமானது, ஆனால் எல்லா இடத்திலும் கிடையாது. ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் ஒன்றில் 18-ம் மற்றதில் 21-ம் வருவது சாதாரணம். அதில் ஒன்று 'குறைபாடு', மற்றது 'போதாமை' என்று அச்சாகி வருவதைப் பார்த்து மருந்தை மாற்றக் கூடாது. ஒப்பிட வேண்டுமானால் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில், ஏறக்குறைய ஒரே பருவத்தில் எடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. காய்ச்சலோ பெரிய தொற்றோ இருக்கும்போதும், அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடும் எடுக்க வேண்டாம். உடம்பில் அழற்சி இருக்கும்போது இந்த எண் தானாகவே இறங்கும்.

முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க. சில இயந்திரங்களின் வேதிப்பொருளிலேயே பயோட்டின் இருக்கிறது. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் வைட்டமின் டி உண்மையைவிட அதிகமாகக் காட்டப்படும். முடி மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் இருப்பது சகஜம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள், ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். தைராய்டு பரிசோதனையும் இதே காரணத்தால் தவறாக வரலாம்.

வைட்டமின் டி எண்ணைத் தனியாக வாசிப்பதைவிட அதன் கூட்டாளிகளோடு வாசிப்பதுதான் சரி. கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு பாதிக்கப்படும்போது உயரும் நொதி), அல்புமின் (ரத்தப் புரதம்), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) ஆகியவை இதைவிட மிக மலிவான பரிசோதனைகள், முழு உடல் தொகுப்பில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோனும் எடுக்கலாம். வைட்டமின் டி 9, ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்வு, பாஸ்பரஸ் குறைவு, பாராதைராய்டு உயர்வு என்று இருந்தால் எலும்பு உண்மையிலேயே மென்மையாகிக்கொண்டிருக்கிறது. இடுப்பு, விலா, கணைக்கால் எலும்பை அழுத்தினால் வலி, மாடிப்படி ஏறும்போது தொடை ஒத்துழைக்காமை, வாத்து போல அசைந்து நடப்பது எல்லாம் இதோடு சேர்ந்து வரும். இவர்களுக்குச் சிகிச்சை கட்டாயம் தேவை, பலனும் கண்ணெதிரே தெரியும். வைட்டமின் டி 17.8, மற்றதெல்லாம் சரி, எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் அது முற்றிலும் வேறு நிலை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வைட்டமின் டி 14, ஆனால் கால்சியம் 10.9 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், 60,000 மாத்திரையைத் தொடாதீர்கள். வைட்டமின் டி குறைந்தால் கால்சியம் இறங்க வேண்டும், அல்லது அப்படியே இருக்க வேண்டும். ஏறியிருக்கிறது என்றால் பாராதைராய்டு சுரப்பியிலோ வேறு எங்கோ பிரச்சினை இருக்கிறது. அப்போது அடுத்து எடுக்க வேண்டியது பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை. கால்சியத்தைப் பார்க்கும்போது அல்புமினையும் பாருங்கள். அல்புமின் 4-ஐவிட ஒவ்வொரு 1 கிராம் குறைவுக்கும் கால்சியத்தோடு 0.8 சேர்த்துக் கொள்ள வேண்டும். கால்சியம் 8.2, அல்புமின் 3 என்றால் சரியான கணக்கு 9.0. அது குறைவே இல்லை.

சரி, யாருக்கு எவ்வளவு? சிறுநீரக நோய், சிறுநீரகக் கல், காசநோய், சார்காய்டோசிஸ் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் உண்டாகும் நோய்), கால்சியம் உயர்வு எதுவும் இல்லாத வயதுவந்தவர்களுக்கான கணக்கு இது. 12-க்குக் கீழே இருந்தால் சிகிச்சை அளவு வேண்டும். நம் நாட்டு வழக்கப்படி வாரம் ஒரு முறை 60,000 யூனிட், 8 வாரம், மருத்துவர் சீட்டோடு. அது முடிந்ததும் தினமும் 1,000 முதல் 2,000 யூனிட்டுக்கு மாறிவிட வேண்டும். ஏன் இவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடல் நோய், உடல் எடைக் குறைப்பு அறுவை, வலிப்பு மருந்தான ஃபெனிடாயினும் கார்பமாசிபைனும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், வீட்டை விட்டு வெளியே வராத வாழ்க்கை, இவற்றில் ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த வருடமும் அதே 9-தான்.

12-க்கும் 20-க்கும் இடையில், தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு தினம் 1,000 யூனிட் மாத்திரை ஒன்று போதும் என்பதே என் கருத்து. தோராயமாக, தினசரி 100 யூனிட் கூடினால் மூன்று மாதத்தில் ரத்தத்தில் 0.7 முதல் 1 நானோகிராம் வரை உயரும். 17.8-இல் இருப்பவர் தினம் 1,000 யூனிட் எடுத்தால் மூன்று மாதத்தில் 25-ஐ ஒட்டி வந்துவிடுவார். இதற்கு 60,000 எதற்கு? உடல் பருமன் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. வைட்டமின் கொழுப்பில் போய்த் தங்கிவிடுவதால் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். 20-க்கு மேல் இருக்கிற ஆரோக்கியமானவர்கள் மாத்திரை தேடிப் போக வேண்டாம். எலும்பு மெலிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சில மருத்துவர்கள் 30-ஐ இலக்காக வைப்பார்கள், அது வேறு கணக்கு. எலும்பு மெலிவுக்கு ஜோலெட்ரானிக் அமில ஊசியோ டெனோசுமாப் ஊசியோ போடப் போகிறவர்களுக்கு முன்னதாகவே வைட்டமின் டி பார்த்துச் சரிசெய்வது மிக முக்கியம். குறைபாட்டோடு அந்த ஊசியைப் போட்டால் ரத்தக் கால்சியம் திடீரென்று சரிந்து, கை விரல் இழுத்துக்கொள்வது வரை போகலாம்.

மாத்திரை எடுக்காமலே இருந்தால் எண் எவ்வளவு உயர்ந்தாலும் பயமில்லை, வெயிலால் நச்சு உண்டாகாது. தோல் தேவைக்கு மேல் உருவானதைத் தானே சிதைத்துவிடும். மாத்திரை எடுத்து 50-ஐத் தாண்டினால் அளவைக் குறையுங்கள். 100-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் கால்சியமும் கிரியாட்டினினும் பாருங்கள். 150-க்கு மேலே போய்க் கால்சியமும் உயர்ந்திருந்தால் அது நச்சு நிலை.

அந்த நிலைக்கு மக்கள் எப்படிப் போகிறார்கள் என்பதற்கு 60,000 மாத்திரையின் அட்டையையே பாருங்கள். மெல்லிய ஜெலட்டின் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி பளபளவென்று இருக்கும். அட்டையில் பெரும்பாலும் நான்கோ எட்டோ இருக்கும். மற்ற மாத்திரைகளின் அட்டையைப் போலவே இருப்பதால், 'தினம் ஒன்று' என்று கைக்கு வந்துவிடுகிறது. சீட்டில் மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதியிருப்பார், அதுவும் சுருக்கெழுத்தில். மருந்துக் கடையில் உறையின் மேல் '1-0-0' என்று கிறுக்கித் தந்துவிட்டால் கதை முடிந்தது. தினம் ஒன்று வீதம் ஒரு மாதத்தில் 18 லட்சம் யூனிட் உள்ளே போகிறது. எட்டு வாரச் சிகிச்சைக்கு மொத்தமே 4 லட்சத்து 80 ஆயிரம்தான். இன்னொரு வழியும் உண்டு. எட்டு வாரம் முடிந்தது யாருக்கும் நினைவிருக்காது, மருந்துக் கடையில் அட்டையைக் காட்டி 'இதையே கொடுங்க' என்று மாதக்கணக்கில் தொடர்வார்கள். கூடவே மல்டிவைட்டமின், கால்சியம் மாத்திரை, பால் பவுடர், சின்ன பாட்டிலில் வரும் 60,000 யூனிட் திரவம் என்று ஒவ்வொன்றிலும் டி சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, லேபிளைப் படித்து, ஒரு வாரத்துக்கு மொத்தம் எத்தனை யூனிட் என்று ஒரு முறையாவது கூட்டிப் பாருங்கள்.

அதிகமானால் வரும் அறிகுறிகள் வேறு நோய் போலத் தெரியும்: பசியின்மை, வாந்தி, கடும் மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வயதானவர்களுக்குக் குழப்பமும் உளறலும். சர்க்கரை கூடிவிட்டது என்றோ வயிற்றுப் புண் என்றோ நினைத்து நாட்கள் போய்விடும், அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்படும். மாத்திரையை நிறுத்தினாலும் கொழுப்பில் தங்கியது கசிந்துகொண்டே இருப்பதால் கால்சியம் இறங்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட ஆகும். இப்படி அறிகுறி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், எடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு அல்லது குளோர்தாலிடோன் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் வெளியேறுவது குறையும், அதனால் ஆபத்து கூடுதல். காசநோயிலும் சார்காய்டோசிஸிலும் நோய்க் கட்டிகளே வைட்டமின் டி-யை ஹார்மோனாக மாற்றுகின்றன, சாதாரண அளவிலேயே கால்சியம் ஏறிவிடலாம். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் எடுக்கக் கூடாது.

6 லட்சம் யூனிட் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஒரே ஊசி, வேலை முடிஞ்சுது' என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் வாய்வழி எடுத்தவர்கள், மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களைவிட 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவும் 26 சதவீதம் கூடியது. மருந்து எடுத்த முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் விழுந்தார்கள். 2016-இல் ஸ்விட்சர்லாந்தில் 70 வயதைத் தாண்டிய 200 பேரிடம் நடந்த ஆய்வில், மாதம் 60,000 எடுத்தவர்கள் மாதம் 24,000 எடுத்தவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள். எலும்பைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தே எலும்பு முறியக் காரணமானால் என்ன பயன்? 2024 வழிகாட்டியும் 50 வயதுக்கு மேல் விட்டுவிட்டுப் பெரிய அளவில் கொடுப்பதைவிட தினமும் சிறிய அளவே மேல் என்கிறது. குடல் உறிஞ்சாத நோய் உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்கு இந்த ஊசி தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

கால்சியம் மாத்திரை வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் படியுங்கள். 'வைட்டமின் டி3 250 யூனிட்' என்று இருந்தால் சரி. 'கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்' என்று இருந்தால் அது நான் முதலில் சொன்ன கடைசி வடிவ ஹார்மோன். சிறுநீரக நோயாளிகளுக்கும் பாராதைராய்டு இழந்தவர்களுக்கும் உரியது. கையிருப்பை அது ஒரு துளியும் நிரப்பாது, ஆறு மாதம் சாப்பிட்டாலும் 25-ஹைட்ராக்ஸி எண் உயராது. கால்சியத்தை மட்டும் ஏற்றிவிடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில், ஒரே மாதிரி பெயரில் விற்கப்படுகின்றன. கால்சியம் கார்பனேட் மாத்திரை என்றால் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், 1,250 மில்லிகிராம் கார்பனேட்டில் 500 மில்லிகிராம்தான் கால்சியம். அன்றாட உணவில் 1,000 மில்லிகிராம் கால்சியம் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு மாத்திரைக்குப் போவது நல்லது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியம் இல்லாமல் வைட்டமின் டி மட்டும் ஏற்றினால் எலும்புக்குப் பெரிய பயன் கிடையாது.

டி மாத்திரையையும் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினால் உறிஞ்சப்படுவது குறையும். மதியச் சாப்பாட்டோடு எடுப்பது சுலபம். வார மாத்திரைக்கு ஒரு கிழமையை நிச்சயம் பண்ணி, நாட்காட்டியில் எட்டுக் கட்டங்களை முன்கூட்டியே வட்டமிட்டு, சாப்பிட்டதும் அடித்துவிடுங்கள். ஒரு வாரம் மறந்தால் நினைவு வந்த அன்று ஒன்று எடுத்தால் போதும், ஒரே நாளில் இரண்டு வேண்டாம்.

கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு என்பதால், பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். இதற்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் சொட்டு மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் 1 மில்லிலிட்டரில் 400 யூனிட், சிலவற்றில் 800. வெளிநாட்டிலிருந்து வரும் சிலவற்றில் ஒரே ஒரு துளியில் 400. ஒரு பாட்டிலின் உறிஞ்சியை இன்னொரு பாட்டிலுக்குப் போட்டு 1 மில்லி கொடுத்தால், அந்த ஒரு துளி மருந்து பல ஆயிரம் யூனிட்டாகக் குழந்தையின் உடம்பில் சேரும். பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளில் மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று படித்துவிட்டே கொடுங்கள்.

'குழந்தையை இளவெயிலில் காட்டு, டி கிடைக்கும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால். ஆனால் காலை ஏழு மணி வெயிலில் வைட்டமின் டி-யை உருவாக்கும் புற ஊதா பி கதிர் மிகமிகக் குறைவு. சூரியன் சாய்வாக இருக்கும்போது வளிமண்டலமே அதை விழுங்கிவிடுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் வேலை செய்யும் நேரம். சென்னையை ஒட்டிய அட்சரேகையில் உள்ள திருப்பதியில் நடந்த ஆய்விலும் காலை 11 முதல் மதியம் 2 மணி வரையே அதிகம் உருவாவது தெரிந்தது. நம் தோல் நிறத்துக்கு அந்த நேரத்தில் முகம், கை, கால் வெயிலில் படும்படி வாரத்தில் சில நாள் சுமார் அரை மணி நேரம் வேண்டும். கத்திரி வெயிலில் அதைப் பாதியாகக் குறையுங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் உச்சி வெயிலில் நிறுத்த வேண்டாம், அவர்களுக்குச் சொட்டும் சின்ன மாத்திரையும் போதும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் ஒன்றும் கிடைக்காது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்துகொண்டு காரிலும் அலுவலகத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் நாளைக் கழிப்பவர்களுக்கு எண் குறைவதில் ஆச்சரியமில்லை. உணவில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். '+எஃப்' முத்திரையுள்ள செறிவூட்டப்பட்ட பாலில் லிட்டருக்கு 200 முதல் 300, ஒரு டம்ளருக்கு 40 முதல் 60. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன தினசரி அளவு 600 யூனிட். மத்தி, கானாங்கெளுத்தி சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

சோர்வு, முடி உதிர்வு, மனச்சோர்வு, மாரடைப்பு, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இந்த வைட்டமினே காரணம் என்று சொல்லி விற்கிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேருக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. அதே ஆய்வின் எலும்பு முறிவு முடிவுகள் 2022-இல் வந்தன, அதிலும் வித்தியாசமில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே போதிய அளவு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போதுமான அளவு உள்ளவருக்கு மேலும் கொடுத்தால் பலன் இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. 8 என்ற எண்ணோடு நடக்க முடியாமல் இருப்பவருக்கு இது பொருந்தாது.

மறுபரிசோதனையை மூன்று மாதத்துக்கு முன் எடுப்பதில் பயனில்லை, எண் நிலைப்பட அவ்வளவு காலம் ஆகும். மாதம் ஒரு முறை மருந்து எடுப்பவர்கள் அடுத்த மாத்திரைக்கு முந்தைய நாள் ரத்தம் கொடுங்கள். மாத்திரை எடுத்த சில நாட்களில் கொடுத்தால் எண் உண்மையான நிலையைவிட உயர்ந்து தெரியும். தினம் 600 முதல் 1,000 யூனிட் எடுக்கும் ஆரோக்கியமானவருக்கு மறுபரிசோதனையே தேவையில்லை.

இத்தனையும் பொதுமக்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட முடியாது. தங்கள் நாளிதழ் வாயிலாக மூன்று வேண்டுகோள். ஆய்வகங்கள் 12, 20 ஆகிய கோடுகளையும் ரிப்போர்ட்டில் அச்சிட வேண்டும், கால்சியம் முடிவையும் அதே பக்கத்தில் தர வேண்டும். மருத்துவர்கள் சீட்டில் சுருக்கெழுத்தை விட்டு, 'வாரம் ஒன்று, மொத்தம் 8' என்று தமிழில் முழுதாக எழுத வேண்டும். மருந்துக் கடைக்காரர்கள் சீட்டில்லாமல் 60,000 மாத்திரையைக் கொடுக்காமல், கொடுக்கும்போது அட்டையின் மேல் கிழமையை எழுதித் தர வேண்டும். எட்டாவது மாத்திரைக்கு மேலே 'இதோடு நிறுத்தவும்' என்று எழுத ஒரு பேனா போதும்.

இப்படிக்கு,
மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
திருநெல்வேலி.